நாற்பது கடந்தவருக்கு யார் வழி சொல்வது?

(முருங்கனில் ஆசிரியர்களும் அரச உத்தியோகத்தர்களும் ஊர்ப் பெரியவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



தொழில் வழிகாட்டல் என்று கேள்விப்பட்டு, சிலர் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். பிள்ளைகள் இருக்கட்டும், கடைசியில் சிற்றுண்டி உண்டாம். ஆனால் இன்றைய பேச்சு அவர்களுக்கானதல்ல, கூட்டிக்கொண்டு வந்த உங்களுக்கானது.

சாதாரண தரமோ உயர்தரமோ எடுத்துவிட்டு நிற்கும் பிள்ளைக்கு இந்த நாட்டில் வழி சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். பாடசாலையில் தொழில் வழிகாட்டல் ஆசிரியர் இருக்கிறார். மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தர் பிரதேச செயலகத்திலேயே இருக்கிறார். பல்கலைக்கழகம் போனால் அங்கே தொழில் வழிகாட்டல் அலகு. இவர்கள் எவ்வளவு செய்கிறார்கள் என்பது வேறு கதை. தட்டுவதற்குக் கதவு ஒன்று இருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். நாற்பத்து மூன்று வயதில், இருபது வருடம் ஒரு வேலையைச் செய்துவிட்டு, "இனி இதிலேயே இருப்பதா, மாறுவதா, மாறினால் எதற்கு?" என்று இரவில் முழித்துக்கொண்டு கிடக்கும் ஒருவருக்கு எந்தக் கதவு இருக்கிறது?

அப்படிப்பட்டவருக்கு நாங்கள் கொடுப்பதெல்லாம் செயலமர்வு. மண்டபத்தில் ஐம்பது பேரை இருத்தி, பவர்பொயின்ற் போட்டு, "மாற்றத்தை ஏற்றுக்கொள்வோம்" என்று தலைப்பும் வைத்து, பத்து மணிக்கு ரோல்சும் தேநீரும் கொடுத்து, கடைசியில் குழுப்படம் எடுத்து அனுப்பிவிடுகிறோம். நானும் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு ஐம்பது பேருக்குச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: இந்த விடயம் ஒலிவாங்கியால் ஆகாது. ஒருவருக்கு எதிரே ஒருவர் இருந்து பேச வேண்டிய விடயம் இது.

ஏன் என்று சொல்கிறேன். பதினாறு வயதில் ஒரு வகுப்பிலுள்ள நாற்பது பிள்ளைகளும் கிட்டத்தட்ட ஒரே நிலையில் இருக்கிறார்கள். ஒரே பாடத்திட்டம், ஒரே பரீட்சை, பெறுபேற்றில் மட்டும் வித்தியாசம். அவர்களுக்குப் பொதுவாக ஒன்றைச் சொல்லலாம். அதே நாற்பது பேரை இருபத்தைந்து வருடம் கழித்துக் கூப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் கிராம அலுவலர், ஒருவர் பேசாலையில் படகு வைத்திருக்கிறார், ஒருவர் கட்டாரில் ஏசி மெக்கானிக், ஒருத்தி ஆசிரியை, இன்னொருத்தி கணவரை இழந்து தையல் நிலையம் நடத்துகிறாள். வயதான பெற்றோர் ஒருவருக்கு, வங்கிக் கடன் இன்னொருவருக்கு, முதுகு வலி மற்றவருக்கு. இந்த நாற்பது பேருக்கும் பொருந்தும் ஒரு புத்திமதி உலகத்தில் கிடையாது. அனுபவம் கூடக்கூட மனிதர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் விலகித்தான் போகிறார்கள். தனித்தனியாகக் கேட்டுச் சொல்லும் ஆலோசனை இளையவருக்கு நல்லது, மூத்தவருக்கோ அதுவல்லாமல் வேறெதுவும் பயன்படாது. நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

இதை இந்த ஊரில் வந்து சொல்வதற்குக் காரணம் உண்டு. முருங்கன் என்றால் வெளியூராருக்கு நெல் ஞாபகம் வரும். என் வயதுக்காரருக்குக் களிமண்ணும் ஞாபகம் வரும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கியது. அதற்குச் சுண்ணக்கல் அங்கேயே கிடைத்தது, களி மட்டும் இங்கேயிருந்துதான் போனது. முருங்கன் நிலையத்தில் பெட்டிகளில் ஏற்றி, மதவாச்சி வழியாகச் சுற்றி வடக்கே கொண்டுபோனார்கள். பெரியவர்கள் சிலர் தலையாட்டுகிறீர்கள், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1990 ஜூனில் யுத்தம் மறுபடி தொடங்கியது. ரயிலும் நின்றது, தொழிற்சாலையும் நின்றது. ரயில் கால் நூற்றாண்டு கழித்துத் திரும்பி வந்தது, 2015 மார்ச்சில் தலைமன்னார் வரை ஓடியது. தொழிற்சாலையின் சூளை திரும்பி எரியவில்லை.

அந்த 1990இல் வேலை இழந்தவர்களை எண்ணிப் பாருங்கள். சூளை இயக்கியவர்கள், இரசாயன கூடத்தில் மாதிரி பார்த்தவர்கள், பிற்றர்மார், மின்சாரக்காரர்கள், இங்கே களி வெட்டி ஏற்றியவர்கள். எல்லோரும் வேலை தெரிந்தவர்கள். பலர் முப்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்டவர்கள். அகதி முகாமில் அரிசி கிடைத்தது, பருப்புக் கிடைத்தது, தறப்பாள் கிடைத்தது. "உங்களுக்கு என்ன வேலை தெரியும், அதை வேறு எங்கே செய்யலாம்?" என்று கேட்க ஒருவர் கிடைக்கவில்லை. உயிர் தப்புவதே பெரிய காரியமாக இருந்த காலத்தில் அதைக் குறையாகச் சொல்ல முடியாது. ஆனால் யுத்தம் முடிந்து வருடக்கணக்காகிவிட்டது, இன்னும் நாங்கள் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்பதில்லை. மீள்குடியேற்ற காலத்தில் இந்த மாவட்டத்தில் அரசசார்பற்ற நிறுவனங்கள் எத்தனை இயங்கின என்று நினைத்துப் பாருங்கள். அவற்றின் வெள்ளை வாகனங்கள் ஒவ்வொன்றாகப் போனபோது, பத்து வருட அனுபவமுள்ள உள்ளூர்ப் பிள்ளைகள் ஒரு பிரியாவிடை விருந்துடனும் ஒரு சான்றிதழுடனும் வீட்டுக்கு வந்தார்கள்.

சரி, இப்போது எங்களில் ஒருவருக்குத் தொழிலில் குழப்பம் வந்தால் எங்கே போகிறோம்? ஒன்று, சுவாமியிடம். இரண்டு, சாத்திரியாரிடம். சிரிக்கிறீர்கள், நான் பகிடிக்குச் சொல்லவில்லை. இந்த இருவரும் செய்கிற ஒரு காரியத்தை எந்தத் திணைக்களமும் செய்வதில்லை. கதவைச் சாத்திவிட்டு, உங்களை மட்டும் முன்னால் இருத்தி, உங்கள் கதையை மட்டும் கேட்கிறார்கள். சாத்திரியார் பக்கத்து வீட்டுக்காரரின் குறிப்பை வைத்து உங்களுக்குப் பலன் சொல்வதில்லை. எங்கள் சனத்துக்குத் தனியாள் ஆலோசனை பழக்கமில்லை என்று கொழும்பில் சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நல்லாய்ப் பழக்கம். தொழில் தெரிந்தவர் அந்தக் கதிரையில் இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். அவர்தான் ஆபத்தானவர். வெளிநாட்டு முகவர். 2022இல் மட்டும் இந்த நாட்டிலிருந்து மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்கென்று வெளிக்கிட்டுப் போனார்கள். அந்த வருடம் நாற்பது வயது ஆசிரியருக்கும் தாதிக்கும் ஆலோசனை சொன்னது யார்? ஒரு ஆளை அனுப்பினால் இவ்வளவு தரகு என்று கணக்கு வைத்திருந்தவர். தரகு வாங்குபவர் சொல்வது ஆலோசனையாகாது. காப்புறுதி விற்க வருபவர், "உங்களுக்குக் கீழே ஆறு பேரைச் சேருங்கள்" என்று வருபவர், எல்லோரும் இந்த வகைதான். நாங்கள் எந்தப் பாதையில் போனாலும் தனக்கு இலாப நட்டம் இல்லாதவர் ஒருவர் வேண்டும். தொழில் ஆலோசகரிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான், படிப்பெல்லாம் பிறகு.

ஒரு அமர்வு எப்படி இருக்கும் என்று கிட்டத்தில் காட்டுகிறேன். ஆட்களை நேர்முகம் கண்டு சேர்ப்பதே நெடுங்காலம் என் தொழில். ஓய்வுபெற்ற பிறகு, கேட்டு வருபவர்களுடன் இருந்து பேசுகிறேன். இந்தப் பக்கத்து ஆள் ஒருவர், வயது நாற்பத்து நான்கு, ஒரு பக்கத்தில் சுயவிபரக் கோவை கொண்டுவந்தார். ஒரு தொண்டு நிறுவனத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். நிறுவனம் போய்விட்டது. பிறகு ஓட்டோ ஓடினார்.

"என்ன வேலை செய்தனீர் தம்பி?"

"ஸ்ரோர் பாத்தனான் சேர்."

"ஸ்ரோர் பாக்கிறதெண்டால்?"

"சாமான் வரும், இறக்குவம், எண்ணுவம். பேந்து குடுத்தனுப்புவம். வேற என்ன?"

"சாமான் வாற நாள் விடிய எழும்பினதிலயிருந்து சொல்லும்."

சொல்லத் தொடங்கினார். விடியக் காலையில் லொறிக்காரருக்குப் போன். முதல்நாளே சோதனைச் சாவடிக்குப் பெயர்ப் பட்டியலும் வாகன இலக்கமும் போயிருக்க வேண்டும், அதைச் சிங்களத்தில் எழுதிக் கொடுப்பது இவர்தான். லொறி வந்ததும் வே பில்லோடு ஒப்பிட்டு எண்ணுவது. நனைந்த தறப்பாளைப் புறம்பாக அடுக்குவது, இல்லாவிட்டால் ஒரு கிழமையில் முழு அடுக்கும் பூஞ்சணம் பிடித்துவிடும். குறைந்த சாமானுக்கு அன்றைக்கே அறிக்கை, சாரதியின் கையெழுத்துடன். மாதக் கடைசியில் கணினியில் இருப்புக் கணக்கு. வருடத்துக்கு ஒருமுறை வெளிநாட்டிலிருந்து கணக்காய்வாளர் வருவார், அவருடைய கேள்விகளுக்கு ஆங்கிலத்தில் பதில். அந்த வருடங்களில் ஒருதரமும் கணக்குப் பிழைத்ததில்லை.

இவ்வளவும் அந்த ஒரு பக்கத்தில் எப்படி இருந்தது தெரியுமா? பதவியின் பெயர், சேர்ந்த வருடம், விட்ட வருடம். ஒரு வரி. அவரே தன்னை ஒரு வரியாக நினைத்துக்கொண்டிருந்தார். மூன்று மொழியில் வேலை செய்யக்கூடிய, கணக்காய்வுக்குப் பதில் சொல்லக்கூடிய, சாமான் சேதமாகாமல் காக்கத் தெரிந்த ஒருவர் தன்னை "ஸ்ரோர் பாத்தனான்" என்று சொல்கிறார். நேர்முகத்தில் எனக்கு முன்னால் வந்திருந்தால், உண்மையைச் சொல்கிறேன், நானும் அந்த ஒரு வரியைத்தான் பார்த்திருப்பேன். நேர்முகம் காண்பவருக்குத் தோண்டிப் பார்க்க நேரமில்லை. தோண்டுவது ஆலோசகரின் வேலை.

முடிவு சினிமாவில் வருகிற மாதிரி இல்லை. அவர் முகாமையாளராகவில்லை. ஒரு நெல் ஆலையில் கொள்வனவும் இருப்பும் பார்க்கிறார். முன்னர் எடுத்த சம்பளத்தில் முக்கால்வாசிதான் கிடைக்கிறது. ஆனால் தன் தொழில் என்ன என்பது அவருக்கு இப்போது தெரியும், அடுத்த இடத்துக்குப் போகும்போது ஒரு வரியுடன் போகமாட்டார்.

வேலை இழந்தவருக்குச் சரி, நல்ல நிலையில் இருப்பவருக்கு எதற்கு என்று கேட்பீர்கள். அதுல் கவாண்டே என்று ஒரு சத்திர சிகிச்சை நிபுணர் அமெரிக்காவில் இருக்கிறார். பெற்றோர் இந்தியாவிலிருந்து போனவர்கள். எட்டு வருடம் தொழில் செய்த பிறகு, தன் திறமை அதே இடத்தில் நின்றுவிட்டதாக அவருக்குப் பட்டது. தனக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றிருந்த ரொபேர்ட் ஒஸ்டீன் என்ற மூத்த சத்திர சிகிச்சை நிபுணரைக் கூப்பிட்டு, "நான் வெட்டுவதைப் பாருங்கள்" என்று கேட்டார். பெரியவர் சத்திர சிகிச்சைக் கூடத்தில் ஒரு குறிப்புப் புத்தகத்துடன் நின்று பார்த்தார். சிகிச்சை நன்றாகவே முடிந்தது. ஆனால் குறிப்பில் என்ன இருந்தது? வலது முழங்கை இடைக்கிடை தோள் மட்டத்துக்கு உயர்கிறது, அப்படி உயர்ந்தால் கை நிதானம் தவறும். விளக்கு வெட்டுவாயிலிருந்து விலகிப்போய், ஏறக்குறைய அரை மணி நேரம் தெறிப்பு வெளிச்சத்திலேயே வேலை நடந்திருக்கிறது. எதிரே நிற்கும் உதவியாளருக்கு இடம் போதவில்லை. இவற்றை 2011இல் "நியூயோர்க்கர்" சஞ்சிகையில் கவாண்டேயே எழுதினார். விளக்கு விலகியது அந்தக் கூடத்தில் வேறு யார் கண்ணிலாவது பட்டிருக்கலாம். பெரிய டொக்டரிடம் யார் சொல்வது? பதவி உயர உயர உண்மை சொல்பவர்கள் குறைந்துகொண்டு போவார்கள். வள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடல் என்ற அதிகாரத்தை மாணவனுக்கு வைக்கவில்லை, பொருட்பாலில் அரசியல் பகுதியில், சிம்மாசனத்தில் இருப்பவனுக்கு வைத்தார். அதை நாங்கள் பேச்சுப் போட்டிக்கு மட்டும் மனனம் செய்கிறோம்.

இங்கே ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், ஆகவே உங்கள் வீட்டு விடயத்துக்கு வருகிறேன். பதினைந்து, இருபது வருடம் படிப்பித்த ஒருவருக்கு முன்னால் பல வழிகள் இருக்கின்றன. அதிபர் சேவை, கல்வி நிர்வாக சேவை, ஆசிரியர் கல்வியியலாளர் சேவை, ஆசிரிய ஆலோசகர் சேவை. இன்னொன்றும் உண்டு, அதை யாரும் வழி என்றே எண்ணுவதில்லை: வகுப்பறையிலேயே இருந்து, இன்னும் நல்லாய்ப் படிப்பிப்பது. எப்படித் தெரிவு செய்கிறோம்? பக்கத்து மேசை ஆசிரியர் மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சைக்கு விண்ணப்பம் போடுகிறார், நாங்களும் போடுகிறோம். அவர் மன்னாரில் வகுப்புக்குப் போகிறார், நாங்களும் போகிறோம். சித்தியடைந்த பிறகுதான் தெரியவருகிறது, அதிபர் வேலை என்பது தளபாடக் கணக்கு, பழைய மாணவர் சங்கம், தண்ணீர் மோட்டர், கொந்தராத்துக்காரர், வலயத்துக்கு அறிக்கை என்று. நல்ல இரசாயனவியல் ஆசிரியர் ஒருவரை இழந்து, சுமாரான அதிபர் ஒருவரைப் பெறுகிறோம். இரண்டு பக்கமும் நட்டம். இதை லோறன்ஸ் பீற்றர் 1969இலேயே ஒரு புத்தகமாக எழுதி உலகத்தைச் சிரிக்க வைத்தார். எங்கள் பாடசாலைகளில் சிரிப்பு வருவதில்லை.

விண்ணப்பம் போட முதல், ஓய்வுபெற்ற அதிபர் ஒருவருடன் ஒரு பின்னேரம் இருந்து பேசினால் போதும். "காலமை ஆறரை தொடக்கம் பின்னேரம் வரை நீங்கள் உண்மையாக என்ன செய்வீர்கள் சேர்?" என்று கேட்க வேண்டும். "எனக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று நான் படிப்பித்த விதத்தில் என்ன கண்டீர்கள்?" என்று கேட்க வேண்டும். ஆசிரியைமாருக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: முதல் நியமனம் எந்தத் தூரத்தில் வரும், வீட்டில் யார் பார்ப்பது? இதை எந்தச் சுற்றறிக்கையும் கேட்பதில்லை, வீட்டுக்கு வீடு பதிலும் வேறு.

ஆசிரிய ஆலோசகர்கள் ஏற்கனவே வகுப்புக்கு வந்து பார்க்கிறார்கள்தானே என்பீர்கள். வருகிறார்கள். ஆனால் வருகிறார் என்றவுடன் நாங்கள் என்ன செய்கிறோம்? பாடக்குறிப்பைத் தேடி எடுத்து, துலக்கமான கட்புலச் சாதனம் ஒன்றைச் சுவரில் ஒட்டுகிறோம். பார்ப்பவர் எழுதுவது மேலிடத்துக்குப் போகும் என்றால், பார்க்கப்படுபவர் நடிக்கத்தான் செய்வார். ஒஸ்டீனின் குறிப்புப் புத்தகம் வைத்தியசாலைப் பணிப்பாளரின் மேசைக்குப் போகவில்லை.

இந்த இடத்தில் பிரான்ஸ் நாட்டைச் சொல்ல வேண்டும். உங்களில் பலருக்கு அங்கே அண்ணனோ மச்சானோ இருப்பார்கள், போனில் கேட்டுப் பாருங்கள். 1991 டிசம்பரில் அங்கே ஒரு சட்டம் வந்தது. தொழில் செய்யும் ஒருவர் தன் திறமைகளைக் கணக்கெடுத்துப் பார்க்க ஒரு ஆலோசகருடன் இருக்கலாம், அது அவருடைய உரிமை. மொத்தம் 24 மணித்தியாலத்துக்கு மேற்படாது, அதைப் பல கிழமைகளுக்குப் பிரித்து எடுக்கலாம். முதலில் என்ன தேவை என்று பேசுவார்கள், பிறகு என்ன தெரியும் என்று தோண்டுவார்கள், கடைசியில் என்ன செய்யலாம் என்று எழுதுவார்கள். அந்த எழுத்து யாருக்குச் சொந்தம் என்பதில்தான் சட்டத்தின் கெட்டித்தனம் இருக்கிறது. அது அந்தத் தொழிலாளிக்கு மட்டும் சொந்தம். அவர் சம்மதிக்காமல் முதலாளி அதைப் பார்க்க முடியாது. இந்த ஒரு விதி இல்லாவிட்டால், "எனக்கு இந்த வேலை சலித்துவிட்டது" என்று யார் வாய் திறப்பார்கள்?

சுவிற்சர்லாந்தில் நாற்பது வயது கடந்தவர்களுக்கென்றே "வியாமியா" என்று ஒரு இலவசத் திட்டத்தை 2021இல் சில மாநிலங்களில் தொடங்கி, அடுத்த வருடம் நாடு முழுவதும் விரித்தார்கள். சிங்கப்பூர் 2024இல் நாற்பது கடந்த பிரசைகளுக்குப் படிப்புச் செலவுக்கென்று 4,000 டொலர் வரவு வைத்தது. பணக்கார நாடுகள், செய்யும். எனக்கு அவர்களின் பணத்தைவிட அந்த வயதெல்லைதான் கண்ணில் பட்டது. அவர்கள் நாற்பதைத் தொடக்கமாக வைக்கிறார்கள். எங்கள் பத்திரிகை விளம்பரங்களில் நாற்பதுக்கு முன்னமே முடிவு: "வயது 35க்கு மேற்படாதிருத்தல் வேண்டும்."

நாற்பது முடிவல்ல என்பதைக் கணக்கே சொல்லும். அரச சேவையில் ஓய்வு வயது இப்போது 60. நாற்பத்து மூன்று வயதுக்காரருக்கு இன்னும் பதினேழு வருடம் இருக்கிறது, அவர் இதுவரை செய்த சேவைக்குக் கிட்டத்தட்டச் சமம். 2022இல் அரசாங்கம் ஒரு சுற்றறிக்கை விட்டது, சேவை மூப்புப் பாதிக்காமல் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று. நல்ல சலுகையா, பொறியா? இருவருக்கு இரண்டு விதம். கடன் அடைபட்டு, பிள்ளைகள் வளர்ந்து, கையில் கேள்வியுள்ள தொழில் இருப்பவருக்கு அது கதவு. ஊரில் நல்ல பெயரும் அடுத்த வருடம் பதவி உயர்வும் காத்திருக்க, அங்கே போய் வேறு ஏதோ வேலை செய்துவிட்டு வந்தவருக்கு அது ஐந்து வருட இடைவெளி. சுற்றறிக்கை ஒன்றுதான்.

இந்த ஊரில் கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரை வைத்துச் சிறுபோகம் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது புதிதில்லை. காலபோகம் முடிந்த பிறகு கூட்டம் கூடி, குளத்தில் மிச்சமிருக்கும் தண்ணீரைப் பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் என்று முடிவெடுக்கிறீர்கள். போன வருடம் இவ்வளவு விதைத்தோம், இந்த வருடமும் விதைப்போம் என்று யாரும் இறங்குவதில்லை. தொழிலின் இரண்டாம் பாதிக்கு மட்டும் தண்ணீர் பார்க்காமல் இறங்குகிறோம்.

இனி, எச்சரிக்கையாக ஒன்று. தனியாள் தொழில் ஆலோசனை என்பது இன்றைக்கு ஒரு வியாபாரமும்கூட. ஒரு கிழமைப் பயிற்சி எடுத்து, படம் போட்டு அட்டை அடித்து, "உங்கள் வாழ்க்கையை மாற்றுவேன்" என்று வருபவர்கள் இருக்கிறார்கள். சட்டத்தரணிக்கும் வைத்தியருக்கும் இருப்பதுபோல இதற்குப் பதிவு கட்டாயமில்லை. உலக மட்டத்தில் தனியாள் பயிற்றுநர்களுக்கென்று 1995இல் தோன்றிய ஒரு சம்மேளனம் இருக்கிறது. அதன் அடிமட்டச் சான்றிதழுக்கே 100 மணித்தியாலம் ஆட்களுடன் இருந்து பேசியிருக்க வேண்டும், உச்சச் சான்றிதழுக்கு 2,500. சான்றிதழ் இருந்தால்தான் நல்லவர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முதல் சந்திப்பிலேயே பாதி நேரத்துக்கு மேல் தான் பேசுபவரிடம் இரண்டாவது தடவை போகாதீர்கள். முதல் நாளே கட்டணப் பொதியைக் காட்டுபவரிடமும் போகாதீர்கள். ஆலோசனை வேலை வாய்ப்பை உண்டாக்காது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. மன்னாரில் இல்லாத பதவியை எந்த ஆலோசகரும் வரைந்து காட்ட முடியாது.

ஆனால் இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. பாடசாலைப் படிப்பு இடையில் நின்ற ஒரு மேசன், வயறிங்காரர், மோட்டர் மெக்கானிக், தையல்காரர் இருக்கிறார் என்று வையுங்கள். இருபது வருடம் கையால் பழகியிருக்கிறார். எந்த வகுப்புக்கும் போகாமல், அந்த அனுபவத்தையே மதிப்பிட்டுத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் முறை இந்த நாட்டில் பல வருடமாக இருக்கிறது. செய்த வேலைக்கான சான்றுகளைத் திரட்டிக் கொடுத்தால், மதிப்பீட்டாளர் வந்து வேலை செய்வதையும் பார்த்து மட்டத்தைத் தீர்மானிப்பார். அந்தச் சான்றிதழ் உள்நாட்டிலும் உதவும், வெளிநாடு போனால் "தொழில் தெரியாத ஆள்" என்ற சம்பளத்தில் விழாமலும் காக்கும். எங்கள் மேசன்மாரில் எத்தனை பேர் சான்றுகளைத் திரட்டி வைத்திருக்கிறார்கள்? கட்டிக் கொடுத்த வீட்டின் படம்கூடக் கையில் இல்லை. மன்னார்த் தீவில் 2020 டிசம்பரில் 30 காற்றாலைகள் சுழலத் தொடங்கின. பஸ்ஸில் போகும்போது எல்லோரும் பார்க்கிறோம். முப்பத்தெட்டு வயது வயறிங்காரர் ஒருவர் அந்த வேலைக்குள் நுழைய என்ன படிக்க வேண்டும், அவருடைய வயதுக்கும் குடும்பத்துக்கும் அது சரிவருமா என்று அவருடன் இருந்து பார்க்க ஒருவர் வேண்டும்.

ஆகவே நான் கேட்பது பெரிய திட்டமல்ல. கட்டடம் வேண்டாம், திறப்பு விழா வேண்டாம், தயவுசெய்து பெயர்ப்பலகையும் வேண்டாம். பிரதேச செயலகத்தில் இருக்கும் உத்தியோகத்தர் மாதத்தில் ஒரு பின்னேரத்தை முப்பத்தைந்து வயது கடந்தவர்களுக்கென்று ஒதுக்கட்டும். பாடசாலையிலோ ஆலய மண்டபத்திலோ கதவு சாத்தக்கூடிய ஒரு அறை, இரண்டு கதிரை. எதிர்க் கதிரையில் ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கட்டும். தாதி வந்தால் ஓய்வுபெற்ற தாதி, ஆசிரியர் வந்தால் ஓய்வுபெற்ற அதிபர், மெக்கானிக் வந்தால் பட்டறை நடத்தியவர். ஒரே ஆளுடன் குறைந்தது மூன்று தடவை சந்திக்க வேண்டும், முதல் தடவை ஒருவரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். எழுதும் தாளை வந்தவரே கொண்டுபோக வேண்டும், கோவையில் போடக்கூடாது. முகவர்களுக்கு அந்த அறைக்குள் இடமில்லை.

இந்த அவையில் ஓய்வுபெற்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். தபாலில் இருந்தவர்கள், நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்தவர்கள், வங்கியில், வைத்தியசாலையில், ரயில்வேயில் இருந்தவர்கள். உங்களிடம் நன்கொடை கேட்கவில்லை. மாதத்தில் ஒரு பின்னேரம் கேட்கிறேன். வாசலில் ஒரு கொப்பி வைக்கச் சொல்லியிருக்கிறேன். போகும்போது பெயர், தொலைபேசி இலக்கம், எந்தத் தொழிலில் எத்தனை வருடம் என்ற மூன்றையும் அதில் எழுதிவிட்டுப் போங்கள். ஆலோசனை தேவைப்படுபவர்கள் எழுத வேண்டாம், ஊர்க்கண் படும். அவர்கள் உத்தியோகத்தரிடம் நேரே போய் நாள் கேளுங்கள்.